எண் போட்டால் பெயர் மறைந்துவிடுமா?

நவராத்திரி முடிந்து சங்கக் கூடத்தில் கொலுப்படிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நம் உறுப்பினர் ஒருவரின் மகன், செம்பூரில் இட்லி மாவும் பொடி வகைகளும் செய்து ஆன்லைனில் விற்கிற பையன், என்னை ஓரமாக அழைத்தான். "மாமா, நீங்க முப்பது வருஷம் தபால் இலாகாவில இருந்தவர். இது சரியா தப்பான்னு நீங்கதான் சொல்லணும்" என்றான்.

விளம்பர வேலை செய்கிற ஒருவர் அவனிடம் ஒரு ஃபைலை விலை பேசியிருக்கிறார். தேடுபொறியில் ஜனங்கள் என்னென்ன தட்டித் தேடினார்கள் என்ற பதிவு. எங்கிருந்தோ கசிந்ததாம். பெயர் கிடையாது, ஆளுக்கொரு எண் மட்டும். அதைப் பார்த்தால் வாடிக்கையாளர் வாயில் எந்தச் சொல் வருகிறது என்று தெரியும். அந்தச் சொல்லை நம் பக்கத்தில் போட்டால் தேடுபவர் கண்ணில் நாம் முதலில் படுவோம். இதுதான் கணக்கு.

ஆசையில் குற்றமில்லை. நாம் மிளகாய்ப்பொடி என்போம். இந்த ஊர் ஹோட்டல் மெனுவில் அதற்கு 'கன்பவுடர்' என்று பெயர். எந்தப் பெயரில் தேடுகிறார்கள் என்று தெரியாத வியாபாரி கடையை இருட்டில் திறந்து வைத்தவன் மாதிரிதான்.

ஆனால் இந்த மாதிரி ஃபைலுக்கு ஒரு பழைய கதை உண்டு. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் என்று எண்ணி, சுமார் ஆறரை லட்சம் பேர் மூன்று மாதங்களில் தேடிய ஏறக்குறைய 2 கோடித் தேடல்களைத் தானே வெளியிட்டது. பெயரை எடுத்துவிட்டு எண் போட்டது. தவறு புரிந்து சில நாட்களிலேயே எடுத்துவிட்டது, மன்னிப்பும் கேட்டது. அதற்குள் பிரதிகள் உலகெங்கும் போய்விட்டன. விளம்பரக்காரர்களுக்குக் கொண்டாட்டம்! தேடல் முடிவுகளில் முதலிடத்தில் இருப்பதற்கே நூற்றுக்கு 42 கிளிக்குகள் போகின்றன, இரண்டாமிடத்துக்கு 12 போல என்று அதிலிருந்து கணக்கெடுத்து, பல வருஷம் அதையே மேற்கோள் காட்டினார்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணின் கீழிருந்த தேடல்களை வரிசையாகப் படித்தார்கள். ஊரின் பெயரோடு தோட்ட வேலைக்காரர், ஒரே குடும்பப் பெயர் கொண்ட பலர், மரத்துப்போன விரல்கள், வீட்டை அசுத்தம் செய்யும் நாய். நேரே போய்க் கதவைத் தட்டினார்கள். திறந்தவர் ஒரு வயதான விதவை. ஆமாம், அவை என் தேடல்கள்தான் என்றார். இதில் கவனிக்க வேண்டியது, அவர் தேடிய நோய்களில் பல அவருடையவையே அல்ல. சிநேகிதிகளின் கவலையைத் தீர்க்கத் தேடிச் சொன்னவை. எண்ணை மட்டும் படித்தவர் அவரைத் தீராத நோயாளி என்றே முடிவு கட்டியிருப்பார். அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் பதவி விலகினார், இரண்டு ஊழியர்கள் வேலை இழந்தார்கள். பிரதிகள் மட்டும் திரும்பி வரவில்லை.

இதைச் சொன்னதும் பையன், "எனக்கு ஆள் வேண்டாம் மாமா, சொல் மட்டும் போதும். கசிந்தது கசிந்தாச்சு, நான் வாங்காவிட்டால் இன்னொருவன் வாங்குவான்" என்றான். நியாயமான கேள்விதான், உடனே பதில் வரவில்லை.

என் சர்வீஸை நினைத்துப் பார்த்தேன். மாதுங்காவில் பட்டுவாடா பார்த்த காலத்தில் தமிழில் முகவரி எழுதிய கார்டெல்லாம் என் கைக்குத்தான் வரும். போஸ்ட்கார்டு திறந்த தபால், மூடுவதற்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு கார்டைப் படித்தால் அம்மாவுக்கு உடம்பு சுகம் என்பதற்கு மேல் என்ன தெரியும்? ஆனால் ஒரு வீட்டுக்கு மூன்று மாதம் வரும் கார்டுகளைச் சேர்த்துப் படித்தால் கடன், வரன், வழக்கு, வியாதி எல்லாம் தெரிந்துவிடும். பெயரைத் தாளால் மறைத்தாலும் தெரியும். திறந்து கிடந்தும் நாங்கள் படிப்பதில்லை. (ஊர்ச் செய்திக்காக ஏங்கிய ஒரு சகா படிப்பார், அவரை எங்களுக்குப் பிடிக்காது.) இந்த ஃபைலில் விற்கப்படுவது சொல் அல்ல, ஒரே வீட்டுக் கார்டுக் கட்டு. சொல் மட்டும் வேண்டுமென்பவனும் கட்டைப் பிரித்துத்தானே எடுக்க வேண்டும்? விலை கொடுத்து வாங்க ஆளிருந்தால் அடுத்த கட்டும் கசியும்.

நம்மைப் போல வெளியூரில் வாழ்பவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். மும்பையில் வடாபாவ் தேடியவரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அம்பாசமுத்திரம் பக்கத்துக் குலதெய்வக் கோயில் கொடை, தாதர்–திருநெல்வேலி ரயில், சயானில் சிறுநீரக டாக்டர், பெண்ணுக்கு வரன் என்று நாலு தேடல் ஒரே எண்ணில் இருந்தால், நம் சங்கத்தில் காபி ஆறுவதற்குள் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண்ணைப் பார்க்க வருபவர்கள் காதுக்கு அப்பாவின் சிறுநீரகம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும், யாரென்று அடையாளம் காணக்கூடிய ஒருவரைப் பற்றிய விவரம் எல்லாம் தனிநபர் தரவுதான் என்கிறது. எண் போட்டிருக்கிறதே என்ற சமாதானத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம் என்றேன்.

தேடலைக் கூட்டிக் கழித்து மொத்தமாகத் தரும் வழிகள் இருக்கின்றன. எந்தச் சொல்லை எவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்று கூகுளே விளம்பரதாரர்களுக்குக் காட்டுகிறது. அதில் ஆளுக்கு ஆள் வரிசை கிடையாது. இன்னொரு வழியும் சொன்னேன். உன் போனில் வரும் ஆர்டரில் வாடிக்கையாளர் சொல்லும் சொல்லை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வை.

போன ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். கன்பவுடர் பதினொன்று, இட்லிப்பொடி ஒன்பது, மிளகாய்ப்பொடி நாலு. ஒரு மராட்டி அம்மாள் 'இட்லிச்சி சுக்கி சட்னி' என்று கேட்டாராம். ஃபைல்காரர் விலையைப் பாதியாகக் குறைத்து இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்.