பாலாவித் தண்ணீர்

திருக்கேதீச்சரத்தை ஞானசம்பந்தர் பாடினார், சுந்தரரும் பாடினார். இருவரும் மாதோட்டத்து மண்ணை மிதித்தவர்களல்லர். இராமேச்சரத்தில் நின்று, கடலுக்கு இப்பால் உறையும் ஈசனை நினைந்து பாடியதாகவே பெரியபுராணம் கூறுகிறது. இதனைச் சான்று காட்டி, இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டால் போதாதா என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு.

வர இயலாதவர்க்குப் போதும். 1990 இல் அப்பகுதி போரில் சிக்கிய பின்னர், பல்லாண்டுகளாக எட்ட நின்று கும்பிடுவதைத் தவிர மன்னார் மக்களுக்கும் வேறு வழியிருக்கவில்லை. அவர்களுடைய வழிபாடு குறைவுடையதென்று யார் சொல்வார்?

ஆனால், இயன்றவர்கள் வரவேண்டும் என்பேன். கோபுரத்தைப் பார்ப்பதற்காக அன்று. போர்த்துக்கேயர் 16 ஆம் நூற்றாண்டில் இடித்த கோயில் இது. 1872 இல் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோளின் பின் மெல்ல மீண்டெழுந்தது. கருங்கற்றிருப்பணி நிறைவுற்று 2022 இல் குடமுழுக்கும் கண்டது. கட்டடம் போகும், வரும். சிவராத்திரியன்று பாலாவியில் முழுகி, குடத்தில் நீர் முகந்து, நீண்ட வரிசையில் காத்துநின்று, மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே அடியார்கள் வார்க்கிறார்களே, அதற்காக வரவேண்டும். கருவறைக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதே நம் கோயில்களில் வழக்கமாயிருக்க, இங்கே கூலியாளும் கல்விமானும் ஒரே இலிங்கத்தை நீராட்டுகின்றனர். ஒரு தலத்துக்கு இதைவிட வேறென்ன மகிமை வேண்டும்?

சுந்தரரும் தம் பதிகத்தில் பாலாவிக் கரையைத்தான் குறிப்பிடுகிறார். புதிய கற்றூண்களின் படங்களை எனக்கு அனுப்பிப் பெருமைப்பட்டோர் பலர். பாலாவியின் நீர் எப்படியிருக்கிறது என்று கேட்டு எழுதியவர் இதுவரை ஒருவருமில்லை.