மூஞ்சூறுக்கும் மூளை உண்டு

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, தொண்டாமுத்தூரில் தோழி ஒருத்தியின் தோட்டத்துச் சாளையில் கூடிப் படித்துக்கொண்டிருந்தோம். தவிட்டு மூட்டையின் பின்னாலிருந்து கீச்சிட்டு ஓடி வந்தது ஒரு மூஞ்சூறு. "எலி! எலி!" என்று கூவி, விளக்குமாற்றால் அடித்துக் கொன்றுவிட்டோம். "அது எலி இல்லெ கண்ணு, கரப்பானைத் திங்கற சீவனாச்சே" என்று பாட்டி வருந்தினார்.

மறுநாள் வகுப்பில் கணக்குக்கு விடை தெரியாமல் நின்ற தோழியை ஒருத்தி, "மூஞ்சூறு மூளை" என்றாள். எல்லோரும் சிரித்தோம். இவ்விரண்டும் பிழை என்பதே இன்று எங்கள் கருத்து.

எலி கொறிக்கும் பிராணி. அதன் முன்பற்கள் உளி போன்றவை. மூஞ்சூறுக்கோ பூச்சிகளைக் கடித்துத் தின்னும் கூரிய சிறுபற்கள். அதன் நாற்றம் மெய்தான். நம் உணவிலும் சில வேளை வாய் வைக்கும். அதற்காக எலியின் தண்டனையை அதற்குக் கொடுக்கலாமா?

அடுத்து, மூளை. மூஞ்சூறின் மூளை அரை கிராமுக்கும் குறைவு; மனித மூளையோ ஏறத்தாழ 1,400 கிராம். நம் மூளையின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக இருக்கும், அதனுடையது வழவழப்பானது. ஆனால் அச்சிறு மூளையின் முன்புறத்தில் மணத்தை அறியும் பகுதி பெரிதாக அமைந்துள்ளது. இருளில் இரை தேடுவதற்குக் கண்ணைவிட மூக்கே துணை அன்றோ?

நம் நாட்டு மலைக்காடுகளில் மூங்கில் அணத்தான் என்றொரு பிராணி உண்டு. அணிலைப் போன்ற தோற்றம். பூச்சியும் பழமும் உணவு. அதன் அறிவியற் பெயரான 'அனத்தானா' நம் தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது. பகலில் நடமாடும் இக்குடும்பத்துப் பிராணிகளின் மூளையில் பார்வைக்குரிய பகுதி வளர்ந்திருக்கும். 1924இல் இங்கிலாந்து அறிஞர் லெ கிராஸ் கிளார்க், இக்குடும்பத்துப் பிராணி ஒன்றின் மூளையை ஆராய்ந்து, இவை குரங்கினத்திற்கு நெருங்கியவை என்று கருதினார். இன்று இவற்றைத் தனி வரிசையில் வைத்துள்ளனர். மூளையைப் பார்த்துத் தரம் பிரிப்பது அறிஞர்களுக்கே எளிதன்று. நமக்கு எப்படி எளிதாகும்?

அவரவர் வாழ்வுக்கேற்ற அறிவு அவரவருக்கு உண்டு. நாங்கள் கேலி செய்த தோழியின் வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. இலையைப் பார்த்தே கொடிக்கு வந்த நோயைச் சொல்லிவிடுவாள். எங்களில் எவருக்கும் அது தெரியாது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். மூஞ்சூறிடம் கேட்க வழியில்லை. ஆகவே தோழியரே, இனி ஒன்று வீட்டுக்குள் வந்தால் விளக்குமாற்றைத் தேடாமல் கதவைத் திறந்துவிடுவோம். யாரையும் 'மூளையில்லாதவள்' என்று சொல்லாதிருப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி