12 சதவீதம் தருகிறதாம் ‘இன்விட்’: அதில் உங்கள் சொந்தப் பணம் எவ்வளவு?

“டேய், பேங்க் எஃப்டி 7 பர்சென்ட்தான். இது 12 தருதாம். மூணு மாசத்துக்கு ஒருதடவை அக்கவுண்டுக்கே வந்துடுமாம். போட்டுடலாமா?” மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற அப்பா, அடையாறில் தனியாக இருக்கும் மகனிடம் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் காலத்திலிருந்தே, வட்டியை நம்பிக் குடும்பம் நடத்திப் பழகிய ஊர் இது. கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

இன்விட் என்றால் என்ன?

நெடுஞ்சாலை, மின்கடத்தும் லைன், எரிவாயுக் குழாய் போன்ற சொத்துகளை ஓர் அறக்கட்டளையின் கீழ் வைத்து, அதன் பங்கை யூனிட்டுகளாக விற்பதுதான் உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளை, சுருக்கமாக ‘இன்விட்’. இதற்கான விதிகளை செபி 2014-ல் கொண்டுவந்தது. பங்கிடக்கூடிய ரொக்கத்தில் 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. ஆரம்பத்தில் 10 லட்சம் ரூபாய் இருந்தால்தான் வெளியீட்டில் நுழைய முடியும். 2021-ல் அது 10,000-15,000 ரூபாய்க்கு இறங்கியது. சந்தையில் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம் என்றானது. அதன் பிறகுதான் போன் ஆப்களில் இது எல்லார் கண்ணிலும் பட ஆரம்பித்தது.

உலகப் பெரும் பணமும் இங்கே இருக்கிறது. நெடுஞ்சாலை ஆணையத்தின் இன்விட்டில் 2021-ல் கனடாவின் இரண்டு ஓய்வூதிய நிதிகள் தலா 25 சதவீதம் வாங்கின.

வருவது எல்லாமே வருமானமா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்விட் தரும் தொகையில் பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும்: வட்டி, டிவிடெண்ட், கடன் திருப்பிச் செலுத்தல்.

மூன்றாவதைக் கவனியுங்கள். அறக்கட்டளை, தன் கீழுள்ள திட்ட நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்திருக்கும். அவை அசலைத் திருப்பித் தரும்போது அது உங்களுக்கு வருகிறது. அது லாபம் இல்லை. நீங்கள் போட்ட பணமே திரும்புகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகையை உங்கள் வாங்கிய விலையிலிருந்து கழிக்க வேண்டும். அதனால் பிறகு விற்கும்போது லாபக் கணக்கு கூடும்.

ஒரு லட்சத்துக்குக் கணக்கு

ஒரு கற்பனை உதாரணம். 100 ரூபாய் விலையில் 1,000 யூனிட். ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருகிறது. அதில் வட்டி 7,000, வரிக்கு உட்பட்ட டிவிடெண்ட் 2,000, அசல் 3,000 என்று வைத்துக்கொள்வோம்.

* உண்மையான வருமானம்: 9,000. அதாவது 12 அல்ல, 9 சதவீதம்.
* 30 சதவீத வரி வரம்பில் இருக்கும் மகனுக்கு, செஸ் சேர்த்து 2,808 ரூபாய் வரி. மிச்சம் 6,192.
* 7 சதவீத எஃப்டியில் அவருக்கு வரி போக மிச்சம் 4,816.

12-க்கும் 7-க்கும் நடுவே பெரிதாகத் தெரிந்த இடைவெளி, கையில் 1,376 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. யூனிட் விலை 95-க்கு இறங்கினால்? விலையில் 5,000 போச்சு. திரும்பிய அசல் 3,000-ஐச் சேர்த்தும் மிச்சம் 4,192தான். எஃப்டியே தேவலை.

அப்பாவுக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்றால் கணக்கு மாறும். 9,000-க்கு எதிராக 7,000. பிடித்த 10 சதவீத டிடிஎஸ்ஸை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஒரே யூனிட், அப்பாவுக்கு ஒரு விடை, மகனுக்கு வேறு விடை.

நிஜத்தில் என்ன நடந்தது?

பவர்கிரிட் இன்விட் 2021 மே மாதம் 100 ரூபாய்க்கு வந்தது. 2022-23, 2023-24 இரண்டு ஆண்டுகளிலும் யூனிட்டுக்கு 12 ரூபாய் கொடுத்தது. சொன்னபடி பணம் வந்தது. ஆனால் 2022-ல் 130 ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கு அந்த 12 ரூபாய் 9.2 சதவீதம்தான். பின்னர் விலை 100-க்குக் கீழே போனபோது, அவருக்கு யூனிட்டுக்கு 30 ரூபாய்க்கு மேல் இறக்கம்.

ஐஆர்பி இன்விட் 2017 மே மாதம் 102 ரூபாய்க்கு வந்தது. தொடக்கத்தில் அதன் கையில் இருந்த ஆறு சாலைகளில் ஒன்று நம்ம ஓமலூர்–சேலம்–நாமக்கல் சாலை. யூனிட் விலை அதன் பிறகு பல ஆண்டுகள் வெளியீட்டு விலைக்கு வெகு கீழேயே இருந்தது. ஒரு காரணம் எளிது: டோல் சாலை நிரந்தரச் சொத்து அல்ல. குஜராத்தின் பரூச்–சூரத் சாலை ஒப்பந்தக் காலம் முடிந்து 2022-ல் கையை விட்டுப் போனது. ஆண்டுகள் குறையக் குறைய யூனிட்டின் மதிப்பும் கரையும். மின் லைன் அப்படியல்ல. ஒப்பந்தம் பெரும்பாலும் 35 ஆண்டுகள், லைன் தயாராக இருந்தாலே கட்டணம் உண்டு.

இன்னொரு விஷயம்: விலை இறங்கினால் சதவீதம் தானாக ஏறும். 12 ரூபாய், 100-க்கு 12 சதவீதம். 80-க்கு 15 சதவீதம். 15-ஐப் பார்த்து ஆசைப்படும் முன், விலை ஏன் இறங்கியது என்று கேளுங்கள்.

வெளிநாட்டு ஃபண்ட் என்றால்?

மாதாமாதம் ஒரே தொகை தரும் அமெரிக்க உள்கட்டமைப்பு ஃபண்டுகளிலும் இதே கதைதான். வருமானம் போதாமல் மூலதனத்திலிருந்து கொடுத்தால், எதிலிருந்து கொடுத்தோம் என்று நோட்டீஸ் விட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இந்தியருக்கு வரும் டிவிடெண்டில் 25 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள்; அதை இங்கே வரியில் கழித்துக்கொள்ளத் தனிப் படிவம் போட வேண்டும். டாலர் ஏற்ற இறக்கம் வேறு.

வாங்கும் பட்டனை அழுத்தும் முன்

1. கடைசி நான்கு காலாண்டு அறிவிப்புகளைத் திறந்து, வட்டி எவ்வளவு, டிவிடெண்ட் எவ்வளவு, அசல் எவ்வளவு என்று பாருங்கள்.
2. சொத்துகளின் ஒப்பந்தம் இன்னும் எத்தனை ஆண்டுகள்?
3. அறக்கட்டளையின் கடன் எவ்வளவு? வட்டி விகிதம் ஏறினால் முதலில் அடிபடுவது உங்கள் பங்கீடுதான்.

அப்பாவுக்கான பதில்: ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருக்கும் பணம் எஃப்டியிலேயே இருக்கட்டும். ஐந்தாறு வருஷம் தொடவே தேவையில்லாத பணத்தில் ஒரு பகுதியைப் போடலாம். வந்து சேரும் 12-ல் 3 அசல் என்றால், அதை மட்டும் செலவழிக்காமல் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் வட்டி என்று நினைத்து முதலையே சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.