வீட்டில் வளர்ந்த கிளி

குன்னூரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் விசாரிக்காமல் வாங்கமாட்டார். மழைக்கோட்டு வாங்குவதென்றால்கூட மூன்று கடை ஏறி இறங்கி, தையலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். போன மாதம் அவர் என்னைத் தேடி வந்தார்.

"ஸார், பேத்திக்குப் பிறந்தநாள் வருகிறது. பச்சைக்கிளிக் குஞ்சு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். ஏமாற்றாத ஆளாக, நம்பிக்கையான ஆளாக ஒருவரைச் சொல்லுங்கள்" என்றார்.

"அப்படி ஓர் ஆள் கிடையாது" என்றேன்.

"ஊட்டியில் இல்லாவிட்டால் கோயம்புத்தூரில்?"

"கோயம்புத்தூரிலும் கிடையாது. சென்னையிலும் கிடையாது."

மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. தெரிந்த விலாசத்தை நான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவரிடம் அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விவரமாகச் சொல்ல உத்தேசம். கசப்பாக இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கசப்பில் பாதி என் சொந்தக் கணக்கில் சேர வேண்டியது.

சுமார் இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் நானும் ஒரு கிளிக்குஞ்சு வாங்கினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், பஸ் நின்ற ஓர் இடத்தில், ஒருவர் மூங்கில் கூடையின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே நாலு குஞ்சுகள். உடம்பில் பாதி இடத்தில்தான் இறகு முளைத்திருந்தது. "காட்டில் பிடித்ததா?" என்று கேட்டேன். "சேச்சே, வீட்டிலே வளர்ந்தது சாமி" என்றார். எனக்குத் திருப்தியாகிவிட்டது. வாங்கிக்கொண்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. வீட்டில் வளர்ந்தது என்றாரே ஒழிய, வீட்டில் பிறந்தது என்று சொல்லவில்லை. மரப்பொந்திலிருந்து எடுத்து வந்து நாலு நாள் திண்ணையில் வைத்திருந்தாலும் வீட்டில் வளர்ந்ததுதானே? சொற்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். அந்த வித்தியாசம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொள்ள இஷ்டப்படவில்லை, அவ்வளவுதான்.

குஞ்சு மூன்றாம் நாள் இரவு செத்துப்போயிற்று. தாயின் வயிற்றுச் சூட்டில் இருக்க வேண்டிய பிராணிக்கு, குன்னூர் மாசிக் குளிரில் ஒரு கம்பளித் துண்டு எந்த மூலைக்கு? பாலில் ரொட்டியை நனைத்து ஊட்டினோம். அது செரிக்காமல் கழுத்தடியில் ஒரு கட்டியாக அப்படியே நின்றுவிட்டது. காலையில் என் பெண் அதை ரோஜாச் செடியின் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்து, "கூடையில் இருந்த மற்ற மூணும் என்ன ஆகியிருக்கும் அப்பா?" என்று கேட்டாள். இன்றுவரை அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

இப்போது என் சிநேகிதரின் கேள்விக்கு வருகிறேன். நாட்டுக் கிளியில் நாணயமான வியாபாரி ஏன் இருக்க முடியாது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜோடிக் கிளிகளைக் கூண்டில் வைத்து, வருஷம் முழுவதும் தீனி போட்டு, அவை எப்போது முட்டையிடும் என்று காத்திருப்பதற்குச் செலவு உண்டு. மரத்தில் ஏறிப் பொந்துக்குள் கையை விடுவதற்குச் செலவு இல்லை. காசில்லாமல் சரக்கு கிடைக்கும்போது எந்த வியாபாரி காசு போட்டு உற்பத்தி செய்வான்?

அந்தப் பொந்தும் சாமானியமாகக் கிடைப்பதல்ல. கிளி கூடு கட்டாது. இயற்கையாக உளுத்த பொந்தோ, மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பழைய பொந்தோதான் அதற்கு வீடு. அதற்கு முதிர்ந்த மரம் வேண்டும். நம் மலைச்சரிவுகளில் காடு போய்த் தேயிலை வந்த இடமெல்லாம் முதிர்ந்த மரமும் போய்விட்டது. இருக்கிற பொந்தையும் கை நுழைவதற்காக அரிவாளால் கொத்திப் பெரிதாக்கிவிட்டால், அடுத்த வருஷம் அங்கே எந்தக் கிளியும் குஞ்சு பொரிக்காது. குஞ்சைத் திருடியதோடு வீட்டையும் இடித்ததாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழாத நீலப் பைங்கிளி நம் நீலகிரிச் சரிவுகளில் இருக்கிறது. சாம்பல் தலையும் நீலச் சிறகுமாக அது பறந்து போவதைப் பார்த்தவர்களுக்கு, அதைக் கூடையில் பார்க்க மனம் வராது.

சட்டம் என்ன சொல்கிறது? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 1990-91-ல் இந்தியப் பறவைகளின் வியாபாரமே தடை செய்யப்பட்டது. 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. பச்சைக்கிளியைப் பிடித்தாலும், விற்றாலும், வாங்கினாலும், வளர்த்தாலும் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே "நம்பிக்கையான கிளி வியாபாரி" என்பது "நம்பிக்கையான திருட்டு நகை வியாபாரி" என்பது மாதிரி.

"கிளி நம் பண்பாடு ஆயிற்றே, ஆண்டாள் கையிலேயே இருக்கிறதே" என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பாருங்கள். அந்தக் கிளியைத் தினமும் மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு புதிதாகச் செய்கிறார்கள். ஆண்டாளுக்கு இலைக் கிளி போதும். நமக்குத்தான் உயிர்க் கிளி வேண்டியிருக்கிறது!

"பாவம், சந்தையில் கிடந்து சாவதைவிட நம் வீட்டில் பழம் தின்னட்டுமே" என்பது இன்னொரு கட்சி. இரக்கப்பட்டு நீங்கள் கொடுக்கும் பணமும் கல்லாவில் விழும்போது பணம்தான். அது மறுநாள் இன்னொரு மரத்தில் ஏறும். மரம் ஏறும் ஏழைப் பையனைத் திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவனை ஏற்றிவிடுவது கீழே பணப்பையோடு நிற்கும் நாம்தான். படித்த, பூஜை செய்கிற, பிராணிகளிடம் பிரியமுள்ள நாம்.

ஏற்கனவே வீட்டில் கிளி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆவேசத்தில் கூண்டைத் திறந்துவிட வேண்டாம். சிறகு வெட்டப்பட்ட, இரை தேடப் பழகாத கிளி, காக்கைக்கு இரையாகும். வன அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை.

பறவை வளர்த்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு, நாம் "லவ் பேர்ட்ஸ்" என்று அழைக்கும் பட்ஜரிகர் இருக்கிறது, காக்கடீல் இருக்கிறது. இரண்டும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. தலைமுறை தலைமுறையாக மனிதர் வீட்டில் பிறந்து பழகியவை. இந்த இடத்தில்தான் நல்ல ஆள், கெட்ட ஆள் என்ற பேச்சுக்கே அர்த்தம் உண்டு. தாய் தகப்பன் பறவைகளைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். "இறகு முளைக்குமுன் வாங்கி நீங்களே ஊட்டினால்தான் ஒட்டிக்கொள்ளும்" என்று ஒருவர் சொன்னால், ஊட்டுகிற சிரமத்தையும் சாகிற நஷ்டத்தையும் உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம். தானாகத் தின்னப் பழகாத குஞ்சை அட்டைப்பெட்டியில் போட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, இந்தக் குளிருக்குக் கொண்டுவருவது பாவம். சாம்பல்நிற ஆப்பிரிக்கக் கிளி போன்றவற்றுக்கு 2024-ல் வந்த விதிகளின்படி அரசாங்கப் பதிவு வேண்டும். காகிதத்தைப் பார்க்காமல் கையை நீட்டாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் ஒன்று உண்டு. நல்லவன் உங்களைக் கேள்வி கேட்பான். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், பூனை உண்டா, பதினைந்து வருஷம் உயிரோடு இருக்கக்கூடிய பறவையைப் பேத்தி கல்யாணமாகிப் போன பிறகு யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் கேட்பான். உங்கள் பதில் பிடிக்காவிட்டால், விற்க மாட்டேன் என்பான். விற்க மறுக்கத் தெரிந்தவனிடம் மட்டும் வாங்குங்கள்.

என் சிநேகிதர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் குழந்தைக்கு நான் என்ன சொல்வது?" என்றார்.

"பர்லியாறு வரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், மரங்களை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கிளி தென்பட்டால் அதிர்ஷ்டம். தென்படாவிட்டால், ஏன் தென்படவில்லை என்று அவள் கேட்பாள். அதற்குத் தாத்தாவாக நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள்" என்றேன்.

என் பெண்ணுக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலை, அவராவது தம் பேத்திக்குச் சொல்லட்டும்.