சூப்பர்மேன் யாரைக் காப்பாற்றினான்?

1938-ம் வருஷம் அமெரிக்காவில் பத்து செண்டுக்குப் பத்திரிகைக் கடைகளில் விற்ற ஒரு சிறுவர் சித்திரக் கதைப் புத்தகம், 2024-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இந்த விலையைப் பற்றிப் பேசுவது நமது நோக்கமல்ல. பணம் கொழுத்தவன் பழைய காகிதத்தையும் வாங்குவான், பழைய செருப்பையும் வாங்குவான். ஆனால் அந்தப் புத்தகம் புதிதாக வந்தபோது அதைப் படித்தவர்கள் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள், ஏன் அப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பது யோசிக்கத்தக்க சங்கதியாகையால் அதுபற்றிச் சில வார்த்தைகள் எழுத முன்வந்தோம்.

புத்தகத்தின் பெயர் "ஆக்‌ஷன் காமிக்ஸ்". அதன் முதல் இதழில் சூப்பர்மேன் என்கிற கதாநாயகனைப் பற்றிய 13 பக்கக் கதை ஒன்று வந்தது. அவன் அழிந்துபோன வேறொரு கிரகத்திலிருந்து குழந்தையாக அனுப்பப்பட்டவனாம். இதைக் கேட்டவுடன் இதுவும் ஒரு அவதாரப் புராணம்தானே என்று நமது தோழர்கள் சிரிக்கலாம். ஒரு அளவுக்கு அது சரியே. என்றாலும் ஒரு வித்தியாசமுண்டு. அவனுக்கு அந்த பலம் தவத்தால் வந்ததென்றோ வரத்தால் வந்ததென்றோ கதை சொல்லவில்லை. எறும்பு தன் எடையைப்போல் பல மடங்கு சுமக்கிறதே, வெட்டுக்கிளி தன் உடம்பின் அளவுக்கு மிஞ்சித் தாண்டுகிறதே என்று படம் போட்டுக் காட்டி, காரணம் சொல்ல முயல்கிறது. அந்தக் காரணம் நொண்டிக் காரணம்தான். ஆனாலும் காரணம் சொல்லவேண்டும் என்கிற எண்ணமாவது இருந்ததே!

நிற்க. அவன் செய்த காரியங்களைப் பார்ப்போம். குற்றமற்ற ஒரு பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்படவிருக்கும் இரவில், உண்மையாகக் கொலை செய்தவளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து கவர்னர் பங்களாவில் போட்டுவிட்டு, கதவை உடைத்து உள்ளே புகுந்து, கவர்னரை எழுப்பி, தண்டனையை நிறுத்தச் செய்கிறான். பெண்சாதியை அடிக்கிற ஒருவனைச் சுவரில் மோதுகிறான். ஒரு பெண்ணைக் கடத்திப்போகும் போக்கிரிகளின் மோட்டாரைத் தூக்கிப் பாறையில் அடிக்கிறான். அட்டைப் படமும் அதுதான். கடைசியாக வாஷிங்டனில் ஒரு செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொண்டு சட்டசபைக் காரியத்தை நடத்துகிற தரகன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு தந்திக் கம்பிகளின்மேல் ஓடி அவனைக் கதறவைக்கிறான். இவற்றில் ஒன்றாவது சட்டப்படி செய்த காரியமல்ல. அத்துமீறிப் புகுதல், ஆளைத் தூக்கிப்போதல், அடிதடி, சொத்துச் சேதம் என்று எந்தப் போலீஸ்காரனும் அவன்மேல் நாலு வழக்குப் போடலாம்.

இப்படிப்பட்டவனை வாசகர்கள் எப்படி வரவேற்றார்கள்? முதலாளிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மோட்டாரைத் தலைக்குமேல் தூக்கும் படத்தை யார் நம்புவார்கள் என்று அவர் பயந்ததாகச் சொல்லப்படுகிறது. அடுத்த சில இதழ்களின் அட்டையில் சூப்பர்மேன் படமே இல்லை. ஆனால் புத்தகமோ விற்பனையில் ஏறிக்கொண்டே போயிற்று. கடைக்காரர்களை விசாரித்தபோது, பையன்கள் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை, "சூப்பர்மேன் வருகிற புத்தகம்" என்றே கேட்கிறார்கள் என்று தெரிந்தது. ஏழாவது இதழில் அவன் மறுபடியும் அட்டைக்கு வந்தான். 1939-ல் அவன் பெயரிலேயே தனிப் புத்தகம் வெளிவந்தது.

பையன்கள் ஏன் கேட்டார்கள்? சண்டைப் படம் என்பதால் மட்டுமா? அப்படியானால் அதே இதழில் சண்டைக் கதைகள் வேறும் இருந்தன. அவற்றை யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. அந்தப் பையன்கள் பிறந்து வளர்ந்த காலத்தைக் கவனிக்கவேண்டும். 1929-ல் பாங்கிகளும் கம்பெனிகளும் கவிழ்ந்து, லட்சக்கணக்கான வீடுகளில் தகப்பன்மார்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த காலம். 1931-ல் அலபாமா மாகாணத்தில் கறுப்பு வாலிபர்கள் ஒன்பது பேர்மீது பொய்யாகக் கற்பழிப்புக் குற்றம் சாட்டப்பட்டு, சில நாட்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் சாட்டிய பெண்களில் ஒருத்தி பிறகு கோர்ட்டிலேயே அது பொய்யென்று சொன்ன பிறகும், 1938-ல் அவர்களில் ஐந்து பேர் சிறையில்தான் இருந்தார்கள். அதே 1938-ம் வருஷ ஆரம்பத்தில், கூட்டம் கூடி மனிதனை அடித்துத் தூக்கிலிடுவதைத் தடுக்க ஒரு மசோதா செனட் சபைக்கு வந்தது. தெற்கு மாகாணத்து செனட்டர்கள் வாரக் கணக்கில் ஓயாமல் பேசிப் பேசியே அதைச் சாகடித்தார்கள். கவர்னர் தூங்குகிறார், செனட்டர் விலைபோகிறார் என்று கதையில் எழுதியது கற்பனையா? பையன் தன் வீட்டில் தினமும் கேட்ட பேச்சைத்தான் படமாகப் பார்த்தான்.

எதிர்ப்பும் வராமலில்லை. 1940-ல் ஜெர்மனியில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் பத்திரிகை, சூப்பர்மேனை எழுதியவர் யூதர் என்பதைச் சொல்லிச் சொல்லி வைதது. காரணம் என்னவென்றால், ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் வந்த இரண்டு பக்கக் கதையில் சூப்பர்மேன் ஹிட்லரைக் கழுத்தைப் பிடித்துச் சர்வதேசச் சங்கத்தின்முன் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். காகிதத்தில் வரைந்த கைக்கே அவ்வளவு பயம்! அதே வருஷம் மே மாதத்தில் சிக்காகோ பத்திரிகையொன்றில் ஸ்டெர்லிங் நார்த் என்கிற எழுத்தாளர், இந்தப் புத்தகங்கள் தேசத்துக்கே அவமானம், குழந்தைகளின் மூளைக்கு விஷம் என்று எழுதினார். 1954-ல் டாக்டர் வெர்த்தாம் என்பவர், சூப்பர்மேன் மார்பிலிருக்கிற எழுத்து "எஸ்.எஸ்." என்று இல்லாமல் ஒரு "எஸ்" ஆக இருப்பதற்கு நன்றி செலுத்தவேண்டும் என்று குத்திக்காட்டினார்.

முன்னவர்கள் வைததற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பின்னவர்கள் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. ஏனென்றால் முகத்தை மூடிக்கொண்டு சட்டத்தைக் கையிலெடுத்தவர்கள் அமெரிக்காவில் கதைக்கு வெளியிலும் இருந்தார்கள். கூ க்ளக்ஸ் கிளான்காரர்கள் தங்களை அநியாயத்தைத் தண்டிக்க வந்த வீரர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 1915-ல் அவர்களைப் புகழ்ந்து ஒரு சினிமாப் படமே வந்தது. அந்தப் படம் வந்த வருஷத்திலேயே செத்துக்கிடந்த அச்சங்கம் மறுபடியும் உயிர்பெற்றது. டஸ்கீகி ஸ்தாபனத்தின் கணக்குப்படி 1882 முதல் 1968 வரையில் கும்பல்களால் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர். அவர்களில் 3,446 பேர் கறுப்பர்கள். ஒவ்வொரு கும்பலும் தான் பிடித்தவன்தான் குற்றவாளியென்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டுதான் கயிற்றை எடுத்தது. கதையில் யார் கொலைகாரி என்று எழுதியவருக்குத் தெரியும், வாசகனுக்கும் தெரியும். ஊரில் அது யாருக்குத் தெரியும்?

எழுதியவர்களும் இதை அறியாதவர்களல்ல. முதல் இதழில் இடமில்லாமல் விட்டுப்போன பக்கங்கள் 1939-ல் தனிப் புத்தகத்தில் அச்சாயின. அதில் சூப்பர்மேன் சிறைச்சாலையை முற்றுகையிட்டு ஒரு கைதியை இழுத்துக் கொல்லவந்த கும்பலைத்தான் விரட்டியடிக்கிறான். ஆகவே வாசகர்கள் ஆசைப்பட்டது அடிதடிக்கு அல்ல, நியாயத்துக்கே என்பது நமது அபிப்பிராயம். ஆனால் அதை ஒரு தனி மனிதன் வானத்திலிருந்து கொண்டுவருவான் என்று காத்திருப்பதில்தான் மோசம் இருக்கிறது. கும்பல் கொலையைத் தடுக்கும் அந்தச் சட்டம் கடைசியில் 2022-ம் வருஷம் நிறைவேறியது. அதுவரையில் எந்த சூப்பர்மேனும் செனட் சபைக் கதவை உடைக்கவில்லை. வருஷா வருஷம் மனுப் போட்டவர்களும், ஊர்வலம் போனவர்களும், அடிபட்டவர்களுமே அதைக் கொண்டுவந்தார்கள்.

இனி அவனைப் படைத்தவர்களின் கதைக்கு வருவோம். ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்கிற இருவர், கிளீவ்லண்டில் ஒன்றாகப் படித்த ஏழை யூத வாலிபர்கள். பல வருஷம் பத்திரிகைகளிடம் காட்டிக் காட்டித் திருப்பியனுப்பப்பட்ட கதையை 1938-ல் பக்கத்துக்குப் பத்து டாலர் வீதம் 130 டாலருக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்தோடு சூப்பர்மேன் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தமாகிவிட்டான். வாசகப் பையன்கள் கொடுத்த பத்து செண்டுகள் மலையாகக் குவிந்தன. 1947-ல் இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். ராஜியில் ஏதோ ஒரு தொகை கிடைத்தது. கதையின் தலைப்பிலிருந்து அவர்கள் பெயர் மறைந்தது. குற்றமற்றவளுக்காகக் கவர்னரின் கதவை உடைத்தவனால், தன்னை எழுதினவருக்காக முதலாளியின் மேஜை டிராயரைத் திறக்க முடியவில்லை!

1975-ல் கம்பெனி அவனை வைத்துப் பெரிய சினிமா எடுக்கப்போகிறதென்று செய்தி வந்தது. அப்போது சீகல் குமாஸ்தா வேலை செய்து வயிறு வளர்த்துக்கொண்டிருந்தார். ஷூஸ்டருக்குக் கண் மங்கிவிட்டது. சீகல் ஒரு நீண்ட கடிதம் தயார்செய்து பத்திரிகைகளுக்கெல்லாம் அனுப்பினார். அதன் முதல் வாக்கியத்தில், அந்தப் படத்துக்குச் சாபம் கொடுப்பதாக எழுதியிருந்தார். சாபம் பலிக்கவில்லை. 1978-ல் வந்த படம் பணத்தை வாரிக் குவித்தது. கடிதந்தான் பலித்தது. பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற சித்திரக்காரர்கள் தங்கள் தொழிலாளர்களுக்காகச் சேர்ந்து நின்று கம்பெனியை விடாமல் நச்சரித்தார்கள். சின்ன வயதில் அந்தப் பத்து செண்டுப் புத்தகத்தைப் படித்து வளர்ந்த ஜனங்கள் வெட்கப்பட்டார்கள். 1975-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கம்பெனி இருவருக்கும் ஆயுள்வரை வருஷத்துக்கு ஆளுக்கு 20 ஆயிரம் டாலர் கொடுக்கவும், அவர்கள் பெயரை மறுபடியும் போடவும் ஒப்புக்கொண்டது.

ஷூஸ்டர் 1992-லும், சீகல் 1996-லும் இறந்தார்கள். அந்த 130 டாலரையும் சேர்த்து 1938-ல் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்த செக்கு 2012-ம் வருஷம் 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அதில் இருவர் பெயரையும் பிழையாக எழுதியிருக்கிறது.