"ஒரு இனத்துக்கு மட்டும் தனி ஆளா?" நல்லா கேட்டீங்க!

ஆஸ்திரேலியாவுல பூர்வகுடிப் பிள்ளைகளுக்குத் துணையா இருக்கன்னே அரசுப் பள்ளிகள்ல தனி ஊழியர்கள் இருக்காங்க. உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: "எல்லாரும் சமம்னா இவங்களுக்கு மட்டும் எதுக்குத் தனிச் சலுகை? இது இனப் பிரிவினை இல்லையா?"

2023 வாக்கெடுப்பில் பூர்வகுடிகளின் ஆலோசனைக் குழுவைத் தோற்கடிக்கவும் இதே வாதம்தான் ஓடியது. நம்மூர் 'தகுதி, திறமை' அண்ணன்கள் பேசுற மாதிரியே இருக்கா? அதேதான் மக்களே, அச்சு அசல்.

சரி, இனத்தைப் பார்த்துப் பிரித்தது யார்?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வெள்ளைக்காரப் பெற்றோர் முகம் சுளித்தால் போதும், பூர்வகுடிப் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடலாம். தலைமையாசிரியர் கையில் இருந்த அந்த அதிகாரம் விதிப்புத்தகத்தில் இருந்து நீங்கிய ஆண்டு 1972. ஆமா, 1972. 1872 இல்ல! அன்னிக்கு வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைங்க இன்னிக்குத் தாத்தா, பாட்டி. இன்னொரு பக்கம் அரசே பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அதுக்குப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதே 2008-ல்தான். அப்படிப்பட்ட ஒரு வீட்டுக் கதவை அரசாங்க ஆள் தட்டி, "பையன் ஏன் ஸ்கூலுக்கு வரல?"ன்னு கேட்டா, அந்தப் பாட்டிக்கு என்ன ஞாபகம் வரும்? நீங்களே சொல்லுங்க.

அதனாலதான் அதே சமூகத்து ஆள் தேவைப்படுது. வகுப்பில் பிள்ளை பக்கத்தில் உட்காரணும், வீட்டுக்குப் போய்ப் பேசணும், ஆசிரியருக்கு அந்த ஊர் வழக்கத்தைப் புரியவைக்கணும். தொழிற்பயிற்சிக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இருக்கிற இவங்க மாதிரி ஊழியர்கள், உதவித்தொகை ஃபார்ம் நிரப்புறதுல இருந்து கூடவே நிக்கிறாங்க.

'சலுகை' பேசுறவங்க தொடவே தொடாத ஒரு ஆவணம் இருக்கு. காவலில் இறந்த 99 பூர்வகுடிகளைப் பற்றி விசாரித்த அரச ஆணையத்தின் 1991 அறிக்கை. அந்த 99 பேரில் 43 பேர் சின்ன வயசுல குடும்பத்தில் இருந்து பிரிக்கப்பட்டவர்கள். மேல்நிலைப் படிப்பை முடித்தவர்கள் வெறும் 2 பேர். 99-ல் 2!

அதனால்தான் லாக்கப் மரணத்தை விசாரித்த ஆணையம், பள்ளி ஊழியர் சம்பளம் வரை வந்து நின்றது. 339 பரிந்துரைகளில் 296-வது சொல்வது இதுதான்: பூர்வகுடிக் கல்விப் பணியாளர்களுக்கு அவர்கள் வேலைக்கு ஏற்ற அங்கீகாரமும் ஊதியமும் கொடுங்கள், துறைக்கும் சமூகத்துக்கும் நடுவில் அவர்கள் நசுங்குவதை ஒத்துக்கொள்ளுங்கள். துறை பக்கம் பேசினா ஊர்ல "நீ கவர்மென்ட் ஆளாயிட்ட". ஊர் பக்கம் பேசினா ஆபீஸ்ல "நீ அவங்க ஆளுதானே". ரெண்டு பக்கமும் அடி.

30 வருஷம் தாண்டியாச்சு. இன்னிக்கும் நியூ சவுத் வேல்ஸ் பள்ளிகளில் இந்தப் பதவிக்கு ஆசிரியர் தரம் கிடையாது. அலுவலக, துணை ஊழியர் பட்டியலில்தான் வெச்சிருக்காங்க. பள்ளியையும் ஊரையும் சேர்த்து வைக்கிற பொறுப்பு மொத்தமும் இவங்க தலையில, முடிவெடுக்கிற மேஜையில மட்டும் நாற்காலி இல்ல. ஆனா இலக்கு மட்டும் பெருசு: 2031-க்குள் 20 முதல் 24 வயதுப் பூர்வகுடி இளைஞர்களில் 96 சதவீதம் பேர் 12-ஆம் வகுப்போ அதற்கு நிகரான படிப்போ முடிச்சிருக்கணுமாம். 2021-ல் அது 68 சதவீதம்.

அடுத்த முறை யாராவது 'சலுகை'ன்னு வந்தா, வாதாடி நேரத்தை வீணாக்காதீங்க. அந்த 296-வது பரிந்துரையை எடுத்து நீட்டுங்க.