சைக்கிளை விட்டு இறங்கச் சொல்ற கிராணியா நாமளே மாறிட்டோமா?

பதிவு கொஞ்சம் நீளம். ஆலயப் புலனக் குழுவுல போட்டா அழிச்சிடுவாங்கன்னு தெரியும், அதான் இங்க எழுதுறேன். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. படிச்சிட்டுத் திட்டுறதா இருந்தாலும் திட்டுங்க.

நான் காப்பார் வட்டாரத்துல இருபது வருஷத்துக்கு மேல கோயில் தொண்டு செய்றவன். அண்டா கழுவியிருக்கேன், தேர் வடம் பிடிச்சிருக்கேன், திருவிழா நேரத்துல ராத்திரி காவல் இருந்திருக்கேன். மேடையில மாலை வாங்குற ஆள் இல்ல. எந்தக் கோயில்னு யாரும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். இது ஒரு கோயில் கதை மட்டும் இல்லங்கிறது படிக்கிற உங்களுக்கே தெரியும்.

நடந்தது இதுதான். ஒரு குடும்பம். தோட்டத்துல லயத்து வீட்டில் இருந்த காலத்துலேருந்து திருவிழாவுல நாலாம் நாள் உபயம் அவங்களோடது. அந்த வீட்டுப் பையன் கூட்டத்துல எழுந்து, மண்டபம் கட்டின கணக்கைக் காட்டுங்கன்னு மரியாதையாத்தான் கேட்டான். பதில் வரல. அடுத்த திருவிழா நோட்டீஸ்ல அவங்க பேர் இல்ல. நாலாம் நாள் உபயம் வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. அதோட விடல. அந்த வீட்டுப் பேத்திக்குச் சடங்கு வச்சாங்க. "யாரும் போக வேண்டாம், போனா உங்க உபயத்தையும் யோசிக்க வேண்டி வரும்"னு வீடு வீடா போன் போச்சு. முந்நூறு பேருக்குச் சமைச்ச சாப்பாடு. வந்தவங்க நாப்பது பேர் இருக்கும். மீதிச் சாப்பாட்டை ராத்திரியோட ராத்திரியா முதியோர் இல்லத்துக்கு ஏத்திக்கிட்டுப் போனாங்க.

எனக்கும் போன் வந்துச்சு. நானும் போகல. அதை ஒளிச்சு வச்சுட்டு உங்களுக்கு நியாயம் பேச எனக்கு யோக்கியதை இல்ல, அதான் முதல்லயே சொல்லிடுறேன். பட்டுப்புடவை கட்டி, மாலை போட்டு உக்கார்ந்திருந்த அந்தப் பொண்ணு காலி நாற்காலிகளைப் பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். அன்னிலேருந்து சரியா தூக்கம் இல்ல.

இதுக்கு நம்ம ஆளுங்க வச்சிருக்கிற பேர் "கட்டுப்பாடு". நாடுகளுக்கு இடையில நடந்தா அதுக்குப் பேர் பொருளாதாரத் தடை. ரெண்டும் ஒரே ஆயுதம்தான். அடிக்காம, கத்தி எடுக்காம, கொடுக்கல் வாங்கலை நிறுத்தி ஒருத்தரைப் பணிய வைக்கிறது. அந்த ஆயுதம் தப்புன்னு நான் சொல்ல வரல. அது யார் கையில இருக்கு, யார் மேல பாயுதுங்கிறதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேக்க கிள்ளான் வட்டாரத் தமிழனுக்கு இருக்கிற உரிமை வேற யாருக்கும் இல்ல. ஏன்னா இந்த ஆயுதத்தோட ரெண்டு பக்கமும் நம்ம தாத்தா பாட்டி மேல பட்டிருக்கு.

1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, "வேலை இல்லை" என்று நம்ம ஆட்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறினால் மறுபடி கப்பலில் கூட்டி வருவார்கள். தோட்ட முதலாளிகளின் பலமே இதுதான். ஒருத்தன் கூலி போதவில்லை என்று முணுமுணுத்தால், நாகப்பட்டினத்திலிருந்து அடுத்த கப்பல் வந்துவிடும். வேலை போனால் லயத்து வீடும் போகும், ஏனென்றால் வீடும் தோட்டத்துடையது. இதுவும் ஒரு தடைதான். சட்டப் புத்தகத்தில் எழுதாத தடை.

1936 கடைசியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்த்தார். அடுத்த வருஷம் ஆண்களுக்கு நாள் கூலி 50 காசுக்குத் திரும்பியது. ஆனால் 1938-ல் ரப்பர் விலையைக் காரணம் காட்டி மறுபடி 45 காசாகக் குறைத்தார்கள். அப்போது இந்திய அரசு என்ன செய்தது? 1938 ஜூன் மாதம், தோட்ட வேலைக்கு உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதையே தடை செய்தது. இனிக் கப்பல் கிடையாது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடித்து வரும் காலம் அதோடு முடிந்தது.

அந்தத் தடை யார் மேல பாஞ்சது? முதலாளி மேல. "நீ போனா இன்னொருத்தன் வருவான்"னு மிரட்டுற வாயை அது அடைச்சது. ஊர்ல இருந்து தம்பியையும் மச்சானையும் கூட்டிட்டு வரலாம்னு இருந்த குடும்பங்களுக்கு வலி இருந்தது, அதை நான் மறைக்கல. ஆனா இங்க இருந்த தொழிலாளிக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது. பின்னாடி கூலி ஏறினதுக்குப் போர்க்கால ரப்பர் தேவையும் ஒரு காரணம். ஆனா கேட்டு வாங்குற தைரியத்துக்கு அந்தத் தடையும் ஒரு காரணம்.

மூணு வருஷம் கழிச்சு என்ன நடந்ததுன்னு நம்ம பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல யாரும் விரிவா சொல்லித் தர்றதில்ல. 1941. கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் ஆர்.எச். நாதனும் முன்னால நின்னாங்க. கோரிக்கைப் பட்டியலைப் பாருங்க. சீனத் தொழிலாளிக்குக் குடுக்கிற கூலி எங்களுக்கும் வேணும். பெண்களிடம் முறைகேடா நடக்கிறதை நிறுத்தணும். மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குப் படிப்பு வேணும். கள்ளுக்கடையை மூடணும். உறவுக்காரங்க தோட்டத்துக்குள்ள வந்து போக அனுமதி வேணும். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. இதோட இன்னொண்ணு: துரையோ, கிராணியோ எதிரில் வந்தா சைக்கிளை விட்டு இறங்காமப் போக உரிமை வேணும்.

அந்தக் கடைசிக் கோரிக்கையில கொஞ்சம் நில்லுங்க. தன் காசுல வாங்கின சைக்கிள். ஆனா எதிர்ல வர்றவர் பெரியவர்னா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும். இதுக்குச் சட்டம் கிடையாது. இறங்காட்டி என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். தண்டனை பயம் மனுஷன் உடம்புக்குள்ள புகுந்து அவனை இறங்க வைக்குது. அதிகாரம்னா அதான். இதுல ரொம்பக் கசப்பானது எதுன்னா, இறங்கச் சொன்னவங்கள்ல வெள்ளைக்காரன் மட்டும் இல்ல. நம்ம நிறத்துல இருந்த கிராணியும் உண்டு.

அந்த மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசர நிலை, படை, துப்பாக்கிச் சூடு. தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள். இவ்வளவும் இந்தக் கிள்ளான் மண்ணுல, நாம இன்னைக்குப் பால்குடம் தூக்கிட்டுப் போற ரோட்டோரத்துல.

இப்ப சொல்லுங்க. "குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது"ன்னு உயிரைக் குடுத்துக் கேட்டவங்க பேரன்கள் நாம. கணக்குக் கேட்ட பையனோட தங்கச்சி சடங்குக்குப் போகாதேன்னு போன் போடுறோம்!

சிலர் சொல்வாங்க: "உலகமே இப்படித்தான்யா, பெரிய நாடு சின்ன நாட்டை ஒதுக்கி வைக்கலையா?" சரி, உலகத்தையே பாப்போம்.

தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களை நிறத்தைச் சொல்லி ஒதுக்கினார்கள். இந்தியா, சுதந்திரம் வாங்குவதற்கு முன்பே, 1946-ல் அந்த நாட்டோடு வாணிபத்தை நிறுத்தியது, அதே வருஷம் விவகாரத்தை ஐ.நா. சபைக்கும் கொண்டுபோனது. 1960-ல் நம்ம துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனில் காமன்வெல்த் தலைவர்கள் கூட்டத்தில் நிறவெறியை எதிர்த்தார். 1961-ல் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டே வெளியேற வேண்டி வந்தது. 1977-ல் ஐ.நா. ஆயுதத் தடை. கடைசியில் 1994-ல் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட்டார்கள். இங்கே தடை பாய்ந்தது ஒடுக்குகிறவன் மேல். கோரிக்கையும் தெளிவு: நிறவெறியை நிறுத்து, கதவு திறக்கும். ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்களே அந்தத் தடையைக் கேட்டார்கள்.

இன்னொரு பக்கம் ஈராக். 1990-ல் குவைத்துக்குள் சதாம் படை புகுந்ததும் ஐ.நா. முழுத் தடை போட்டது. சதாம் மாளிகையில் குறைவில்லாமல் இருந்தார், 2003 வரைக்கும் ஆட்சியிலும் இருந்தார். மருந்துக்கும் நல்ல தண்ணீருக்கும் தவித்தது சாதாரண ஜனம். அங்கே ஐ.நா.வின் மனிதநேயப் பணிக்குப் பொறுப்பாக இருந்த டெனிஸ் ஹாலிடேவே, இந்தத் தடையின் கொடுமையைத் தாங்க முடியாமல் 1998-ல் பதவியை விட்டார்.

நமக்குக் கிட்டக்கவே ஒண்ணு இருக்கு. 2019 செப்டம்பரில் அன்றைய பிரதமர் மகாதீர் ஐ.நா.வில் காஷ்மீர் பற்றிப் பேசினார். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை, ஆனால் யாருக்கு என்று எல்லாருக்கும் புரிந்தது. பதிலுக்கு நாமும் தடை போட முடியாத அளவு சின்ன நாடு என்று மகாதீரே ஒத்துக்கொண்டார். அவர் பேசினது சரியா தப்பாங்கிற வாதத்துக்கு நான் வரல. பேசினவர் ஒருத்தர், கவலைப்பட்டது செம்பனை போட்டிருக்கிற சிறுதோட்டக்காரர். காப்பார் பக்கம் செம்பனைக் குலை ஏத்திக்கிட்டுப் போற லாரிக்குப் பின்னால வண்டி ஓட்டின யாருக்கும் இது புரியும்.

அதனால கட்டுப்பாடு, ஒதுக்கிவைப்புன்னு யார் பேசினாலும் நான் நாலு கேள்வி கேக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். நீங்களும் கேளுங்க.

ஒண்ணு, இது பலசாலி மேல பாயுதா, பலம் இல்லாதவன் மேல பாயுதா? ரெண்டு, அவங்க செஞ்ச தப்பு என்ன, அதை எழுத்துல குடுத்தீங்களா? மூணு, தப்பு செஞ்சவருக்கு மட்டும்தானா, இல்ல அவர் வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்தா? நாலு, திரும்பி வர வழி என்ன, எதைச் செஞ்சா கதவு திறக்கும்?

குடிச்சிட்டு சன்னதிக்கு வர்றவனை வெளிய நிறுத்துங்க, நானே வந்து நிறுத்துறேன். உண்டியல்ல கை வச்சவனைப் பொறுப்புல இருந்து தூக்குங்க. அது நிர்வாகத்தோட கடமை. இந்த நாலு கேள்விக்கும் அங்க பதில் இருக்கு. அந்தக் குடும்பத்துக்குச் செஞ்சதுல ஒண்ணுக்காவது பதில் இருக்கா? கணக்குக் கேக்கிறது குத்தமா? பதிவு பெற்ற சங்கம் ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியே ஆகணும். பதிவிலாகாவுக்குக் காட்டுற கணக்கை, உண்டியல்ல காசு போடுற அம்மாவுக்குக் காட்ட மாட்டீங்களா?

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்னு ஒரு பழமொழி உண்டு. நம்ம காலத்துல பூசாரி பாவம், அவரும் நிர்வாகத்தைப் பாத்துப் பயந்துதான் திருநீறு குடுக்கிறார்.

சிவாலயத்துல பிராகாரம் சுத்தும்போது அறுபத்துமூவர் வரிசையில நந்தனாரைக் கும்பிடுறோமே, அவர் யாரு? ஊர்க் கட்டுப்பாடுன்னு சொல்லி வெளியவே நிறுத்தப்பட்டவர். அவரை நிறுத்தினவங்க யாருக்கும் அந்த வரிசையில இடம் இல்ல. நிர்வாகத்துல இருக்கிற பெரியவங்க அடுத்த தடவை அந்த வரிசையைத் தாண்டும்போது இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க ஐயா.

நான் கேக்கிறது மூணுதான். நாலாம் நாள் உபயத்தை அந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் குடுங்க. மண்டபக் கணக்கை அறிவிப்புப் பலகையில ஒட்டுங்க. இனி யாரையாவது ஒதுக்கணும்னா போன்ல சொல்லாம, காரணத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, பொதுக்கூட்டத்துல வைங்க.

பக்தர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். தடை போடுறவன் கையில மட்டும் தடை இல்ல. நாம கேட்டு நடக்கிறதாலதான் அது தடையாகுது. அன்னிக்கு முந்நூறு பேரும் சடங்குக்குப் போயிருந்தா அந்தப் போன் வெறும் சத்தம். நாம வீட்டுல உக்கார்ந்ததாலதான் அதுக்குப் பலம் வந்துச்சு. நாம எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கிட்டோம்.

போன ஞாயித்துக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போனேன். தட்டுல பழம், வெத்தலை பாக்கு, பொண்ணுக்கு ஒரு புடவை. மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா ஒண்ணும் சொல்லல. "சாப்பிட்டுப் போ தம்பி"ன்னு இலை போட்டாங்க. அந்தச் சாப்பாட்டைத் தலை நிமிர்ந்து சாப்பிட என்னால முடியல.

இந்தப் பதிவுக்குப் பிறகு எனக்கும் போன் வரலாம், என் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஆள் வராம இருக்கலாம். பரவாயில்ல. அண்டா கழுவ எந்த நிர்வாகமும் எனக்குத் தடை போட முடியாது, அந்த வேலைக்குப் போட்டி இல்ல.

எல்லாம் அவன் செயல்னு சொல்லிட்டு நகராதீங்க. இதுல கொஞ்சம் நம்ம செயலும் இருக்கு. பகிரணும்னு தோணினா பகிருங்க.